விழுந்தவரைப் பார்க்காத வெற்றியாளர்

மலேசியாவின் ஈப்போ நகரில் நாங்கள் பூப்பந்து விளையாடும் மண்டபத்துக்குள் அவர் நுழைந்தாலே என் முகம் சுளிக்கும். ஐம்பதைத் தொட்ட வயது, சரிந்த தொப்பை, சாயம் பூசிய மீசை. பதினைந்து வயதில் மாநிலப் போட்டியில் வென்றவர். அந்தப் பதக்கம் இன்னும் அவர் காரின் முன்கண்ணாடியில் தொங்குகிறது. கோட்டுக்குள் விழுந்த பந்தையும் "அவுட் லா!" என்று கத்தியே புள்ளியைப் பிடுங்கிக்கொள்வார்.

ஒரு மாலை, அவருக்கு எதிராக என்னோடு சேர்ந்து ஆடிய ஓய்வுபெற்ற ஆசிரியர் கால் பிசகிக் கீழே விழுந்தார். வலியில் அவர் முனகிக்கொண்டிருக்க, இவர் பந்தை அவர் பக்கமாகவே தட்டிவிட்டு, "கேம்!" என்று கையை உயர்த்தினார்.

"என்னண்ணே, வாத்தியாரு விழுந்து கெடக்காரு!" என்றேன்.

"விழுந்தவனப் பாத்துக்கிட்டு நின்னிருந்தா நான் சாம்பியன் ஆயிருப்பேனா? சின்ன வயசுல இருந்தே அப்படித்தான் பழகிட்டேன் லா."

சொல்லிவிட்டுச் சிரித்தபடி கை நீட்டினார். அந்தக் கையைத் தொடாமல் ஆசிரியரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தேன். அதற்குள் அந்தச் சாம்பியன், அடுத்த ஆட்டத்துக்கு யார் வருவதென்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினைந்து வயதில் அவருக்குக் கைதட்டிய அத்தனை பேரில் ஒருவர்கூடவா, விழுந்தவனைத் தூக்கிவிட்டு வா என்று சொல்லவில்லை?