இடம் வலம் மாறிய பீரங்கிப் பூட்டு

கப்பலில் இருந்த பீரங்கியைச் சக்கரத்தில் ஏற்றித்தான் ரஷ்யர்கள் அந்தக் கனரகப் பீரங்கியை உருவாக்கினார்களாம். அதனால் குழல் மகா நீளம். லாரியில் கட்டி இழுக்கும்போது குழலைப் பின்னுக்குத் தள்ளி, பீரங்கி தரையில் ஊன்றும் பின்கால்களின் மேல் ஒரு பூட்டில் பொருத்திவிடுவார்கள். அந்தப் பூட்டை இங்கேயே வார்த்துக் கொடுக்க, ராமச்சந்திராபுரத்தில் எங்கள் தொழிற்சாலைக்கு ஆர்டர் வந்தது. ரஷ்ய வரைபடத்தை எங்கள் முறைக்கு மாற்றி வரைந்து கொடுத்தவன் நான்.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சாமான் தூக்கும் கலாசி, கைநாட்டு. வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வாரம்தான். நாங்கள் குடியிருந்த மல்காஜ்கிரியில் பாதிப் பேரிடம் அப்பா சொல்லியும் விட்டார்.

அன்று காலை முழுப் பீரங்கியின் படம் என் மேஜைக்கு வந்தது. அதில் பூட்டின் கைப்பிடி வெளிப்பக்கம். நான் வரைந்ததில் உள்பக்கம். ஒரு பொருளை வலப்பக்கமிருந்து பார்த்த தோற்றத்தை நாங்கள் வலப்பக்கத்திலேயே வரைவோம். ரஷ்யர்கள் இடப்பக்கத்தில் வரைவார்கள். அது தெரியாமல், பூட்டையே கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிவிட்டிருந்தேன். என் படத்தை வைத்துச் செய்த மர அச்சு ஃபவுண்டரிக்குப் போய்விட்டது.

அச்சுப் பட்டறைக்கு ஓடினேன். அச்சு செய்தவர் செகந்திராபாத்திலேயே பிறந்த தமிழர். டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“கைக்குடா இந்த ஓட்டம்?” ‘எதுக்கு’ என்பதற்கு அவர் வாயில் அந்த ஊர் உருதுதான் வரும்.

“இரும்பு ஊத்த வேணாம்ண்ணே. என் டிராயிங் தப்பு.”

“ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருக்க முடியாதா உன்னால? பர்மனென்ட் ஆனப்புறம் சொல்லு.”

“அதுக்குள்ள அத்தனையும் வார்த்துடுவாங்கண்ணே.”

“வார்க்கட்டுமே. ரஷ்யாக்காரனா வந்து பார்க்கப் போறான்?”

“குழலைப் பூட்டுல மாட்டுற பட்டாளத்துக்காரன் பார்ப்பாண்ணே.”

அவர் டீயைக் கீழே வைத்தார். “நீ பிழைக்கத் தெரியாதவன், போ,” என்று சொல்லிக்கொண்டே அச்சைத் திரும்பத் தூக்கிவர ஃபவுண்டரிக்கு நடந்தார்.

நான் பிரிவு அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். திட்டவில்லை. நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போகும் என்றார். பிறகு அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த ரஷ்யப் படங்களையெல்லாம் என் கையில் கொடுத்தார். வேறு யாரிடம் கொடுத்தாலும் இதே தப்பு நடக்குமாம், என்னிடம் இனி நடக்காதாம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன்.

“வேலை போயிடுச்சா?”

“இல்லப்பா. மூணு மாசம் தள்ளிப் போச்சு. ஆனா வேலை நிறையக் குடுத்திருக்காங்க.”

“வேண்டாதவனுக்கு எவன் வேலை குடுப்பான்?” என்றவர் சட்டையை மாட்டிக்கொண்டார். “யார் யார்கிட்ட சொன்னேனோ, நானே போய் சொல்லிட்டு வந்துடறேன். நீ சாப்பிடு.”