படுத்து வளர்ந்த கன்று

ஒரு கிளை, தான் கிளை என்பதை எப்போது மறக்கும்? பந்தல்குடி சர்ச்சில் மணியடித்து வளாகத்தைப் பார்த்துக்கொண்ட வேதமுத்துவின் பதிமூன்று வருஷம் இந்தக் கேள்வியில்தான் போனது. அவர் அதை இப்படிக் கேட்டவரில்லை. "ஏன் நிமிர மாட்டேங்குது, சனியன்" என்றுதான் கேட்டார்.

வளாகத்தில் ஒரு மரம் நின்றது. அடுக்கடுக்காகக் கிளை விரித்து, ஊசி இலையோடு கூம்பாக உயர்ந்த மலைநாட்டு மரம். எப்போதோ ஒரு போதகர் கொடைக்கானலிலிருந்து கொண்டுவந்து வைத்தது. ஊரார் அதைக் கிறிஸ்துமஸ் மரம் என்றார்கள். சுற்றுவட்டாரத்தில் வேம்பும் கருவேலமும்தான். இந்த ஜாதியில் இன்னொன்றை வேதமுத்து பார்த்ததில்லை. அது காய்த்ததும் இல்லை.

1983 கோடையில் அதன் இலைகள் கருகத் தொடங்கியபோது அவருக்குப் பயம் வந்தது. இது போனால் போனதுதான். ஆண்டுதோறும் கீழ்க்கிளைகளைக் கவாத்து செய்வது அவர் வேலை. வெட்டியதை ஏன் வீணாக்க வேண்டும் என்று அந்தக் குச்சிகளையே நட்டார். முருங்கைப் போத்து நட்டுப் பழகிய கை. பன்னிரண்டு நட்டார், பன்னிரண்டும் காய்ந்தன. போர்வெல் தண்ணீர் உப்பு என்று, சர்ச் கூரையில் விழும் மழைநீரை டிரம்மில் பிடித்து ஊற்றினார். கரிசல் மண்ணில் அழுகியது என்று தொட்டியில் ஆற்றுமணல் நிரப்பி நட்டார். பாலிதீன் பையைக் கவிழ்த்தால் பூசணம் பிடித்தது; கழற்றினால் வெயில் குடித்தது. ஏழு வருஷம் இப்படியே.

"நாலு முருங்கை நட்டிருந்தா இந்நேரம் சாம்பாராவது கொதிச்சிருக்கும்" என்பாள் மனைவி மரியசெல்வி.

1990இல் ஒரே ஒரு குச்சி வேர்விட்டது. வேதமுத்து அன்று மணியைக் கால்மணி நேரம் முன்னதாகவே அடித்துவிட்டார். ஆனால் கன்று மேலே போகவில்லை. தொட்டி விளிம்பைத் தாண்டி, தரைக்கு இணையாகப் படுத்து வளர்ந்தது. மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டினார். கட்டுக்கு மேலே விட்ட தளிர் மறுபடி பக்கவாட்டில் திரும்பியது. இன்னும் உயரக் கட்டினார். அது இன்னும் உயரத்தில் திரும்பியது.

1994இல் ஒரு கல்யாணத்துக்கு வந்த சண்முகவடிவு அதைக் குனிந்து பார்த்தார். அருப்புக்கோட்டையில் தாவரவியல் நடத்தும் டீச்சர்.

"பக்கக் கிளையில எடுத்ததா அண்ணாச்சி?"

"ஆமா டீச்சர்."

"அப்ப சாகுற வரைக்கும் பக்கமாத்தான் போகும். இந்த மரத்துக் கொணம் அது. நடுத்தண்டோட உச்சியில எடுத்தாத்தான் நிமிரும்."

"பதினோரு வருசமா இத ஒருத்தரும் சொல்லலியே!"

"நீங்க யாரையாவது கேட்டீகளா?"

கேட்கவில்லை. ஊரில் அவரைப் பொறுமைசாலி என்பார்கள். கேட்காமல் காத்திருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பது சந்தேகம்தான்.

உச்சியை வெட்ட அனுமதி கேட்டு, சர்ச் செயலாளர் இம்மானுவேலிடம் போனார்.

"தலைய வெட்டிட்டா நட்சத்திரத்த எங்க கட்டுறது? உங்க தலையிலயா?"

"ஒரு சாண்தான்யா."

"ஒரு சாணோ ஒரு முழமோ, மொட்டை மொட்டைதான்."

அந்த டிசம்பரிலும் நட்சத்திரம் கட்ட ஏணியில் ஏறியவர் வேதமுத்துதான். உச்சி கைக்குள் இருந்தது. கத்தி இடுப்பில் இருந்தது. கட்டிவிட்டு இறங்கி வந்தார். அன்று சாப்பிடவில்லை.

அடுத்த வருஷம் புது மண்டபம் கட்ட முடிவானது. மரம் நிற்கும் இடம்தான் அதற்கு வேண்டியிருந்தது. "ஜனவரியில வெட்டுறோம். உச்சிய நீங்களே எடுத்துக்கங்க. நிமிந்த கன்னு வந்துச்சுன்னா மண்டபத்து வாசல்ல வச்சிருவோம்" என்றார் இம்மானுவேல். வேதமுத்து மணல் சலித்து வைத்தார். டிரம்மில் மழைநீரை மூடிவைத்தார்.

1996 ஜனவரியில் மரம் சாய்ந்தது. ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வேதமுத்து குனிந்து உச்சியை ஒரு சாண் நீளத்துக்குச் சுத்தமாக நறுக்கினார். ஈரச் சாக்கில் சுற்றினார். பதிமூன்று வருஷம் தேடியது கையில் இருந்தது. மூங்கிலில் கட்டுண்டு நின்ற பழைய கன்றைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு சாக்கைப் பிரித்து, உச்சியை லாரியில் ஏறிக்கொண்டிருந்த விறகோடு போட்டார்.

"என்னங்க, அதப் போயி!" என்று ஓடிவந்தாள் மரியசெல்வி. அவர் நேராகத் தொட்டியிடம் போய் உட்கார்ந்து, மூங்கில் குச்சியின் கட்டுகளை ஒவ்வொன்றாக அறுத்துவிட்டார். கன்று மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்தது.

ஏன் என்று இம்மானுவேல் கேட்டார், டீச்சர் கேட்டார், மரியசெல்வி சாகும்வரை கேட்டாள். அவர் பதிலுக்கு, கன்று படுத்துப் போகும் பக்கம் கிடந்த கற்களைப் பொறுக்கி எறிந்து வழிவிடுவார்.