இளவரசன் பிழைத்தானா?

இன்று அருப்புக்கோட்டையில் வீரசோழன் பஸ்ஸில் ஏறினால், பக்கத்து சீட்டு அக்காவின் மடியில் இந்த வார இதழ்! எனக்குக் கை பரபரத்தது. போன வாரத் தொடர்கதையில் நம் பட்டத்து இளவரசன், காதலித்த யட்சிக்கு வைத்த விஷத்தைத் தானே குடித்து விழுந்துகிடந்தான் அல்லவா?

“அக்கா, ஒருதரம் பார்த்துட்டுத் தரட்டுமா?”

“வாசி புள்ள, சத்தமா வாசி. எனக்குப் படிக்கத் தெரியாது. மருமக படிச்சுட்டு, கதையைச் சொல்லாம என்னையக் கெஞ்ச விடுவா. இன்னைக்கு அவ கெஞ்சட்டும்.”

வாசித்தேன். பின்சீட்டுக்காரர் டிரான்சிஸ்டரை அணைத்தார். கண்டக்டர் டிக்கெட் கிழிக்காமல் நின்றுவிட்டார்.

யட்சி தன் ஆயுளில் பாதியைக் கொடுத்தாள். இளவரசன் கண் திறந்தான். பஸ்ஸே கைதட்டியது!

வீரசோழன் வந்தது. மருமகள் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். அக்கா எங்கே கெஞ்ச விட்டார்? பஸ் நிற்கும் முன்பே ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்:

“ஏ புள்ள, அவுக பொழச்சுட்டாக!”

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

நான் இறங்க வேண்டிய ஊர், வழியிலேயே தாண்டிப்போன திருச்சுழி. நீங்களாக இருந்தால் பாதிக் கதையில் இறங்கியிருப்பீர்களா?