சாக்குத் தொங்கினால் இடம் இருக்கு

சுன்னாகம் சந்தையில் நாட்டாமை வேலை செய்தேன். மூட்டை தூக்குவது. சந்தைக்கு வெளியே மூன்று லொறிக் கொம்பனிகள். ஒன்றின் லொறிகள் நீலம், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. மூன்றும் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றின. மூன்றுக்கும் நான் தூக்கினேன். அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. சண்டையால் ரயில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்த காலம். டெலிபோனும் செத்துக் கிடந்தது.

அந்தப் புரட்டாதியில் இணுவிலில் என் அண்ணையின் வெங்காயம் முழுவதும் கிண்டி முற்றத்தில் கிடந்தது. மேலே தென்னோலைக் கிடுகு மட்டும். மாரி முந்திவிடும் போல வானம் கறுத்தது. நனைந்தால் அழுகிவிடும். அதை விற்றுத்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அண்ணை நீலக் கொம்பனியில் போய்க் கேட்டார். இடமில்லை என்றார்கள். அன்றைக்கே பச்சை லொறி ஒன்று பாதி வெறுமையாகப் போனது. ஏற்றியது நான்தான். அவர் கேட்டது எனக்குத் தெரியாது. இடமிருந்தது அவருக்குத் தெரியாது.

இரவு அண்ணை சொல்லித்தான் அறிந்தேன். விடிந்ததும் மூன்று கொம்பனிகளின் கந்தோருக்கும் போனேன். நீலக் கொம்பனி முதலாளியிடம் முதலில் கேட்டேன்.

“மற்ற ரெண்டு கொம்பனியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேணும், முதலாளி?”

“எந்த லொறி எப்ப வெளிக்கிடுது எண்டு தெரிஞ்சாக் காணும்.”

பச்சையிலும் அதுதான் சொன்னார்கள். சிவப்பிலும் அதுதான். மூன்று பேருக்கும் ஒரே ஆசை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தை வாசல் தேத்தண்ணிக் கடைச் சுவரில் பலகை ஒன்று அடித்துக் கறுப்புப் பூசினேன். மேலே கொட்டை எழுத்தில் எழுதுவித்தேன்: எந்த லொறி? எங்கே போகிறது? எப்போது? கீழே மூன்று கொம்பனிக்கும் மூன்று ஆணி. ஒவ்வொன்றிலும் எழுத ஒரு வெண்கட்டி கட்டித் தொங்கவிட்டேன்.

மத்தியானம் வரை ஓர் எழுத்தும் விழவில்லை.

அப்போது சிவப்பு லொறி ஒன்று வெளிக்கிட்டது. சாரதி பலகையைக் கண்டார். பிரேக்கை அடித்தார். இறங்கி வந்து கடை வாங்கில் குந்தினார்.

“ஒரு மிடறு தண்ணி தாங்கோ.”

“என்னண்ணை, வெளிக்கிட்டிட்டு இறங்கிறியள்?” என்றேன்.

“உன்ரை பலகை என்னை எங்கை போறாய் எண்டு கேக்குதடா. இனி இருந்து எழும்பித்தான் போகவேணும்.”

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பயணம் வெளிக்கிடுபவரை எங்கே போகிறாய் என்று எங்கள் பக்கத்தில் கேட்பதில்லை. கேட்டால் போன காரியம் சரிவராது; கொஞ்சம் இருந்து, தண்ணி குடித்துத்தான் திரும்ப வெளிக்கிடவேண்டும். அந்த நாளில் அந்த றோட்டில் போகிறவரை யார் கேட்பார்? நானும் வாயால் கேட்டிருக்க மாட்டேன். பலகையில் எழுதினால் பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன்.

சிவப்பு முதலாளி ஓடி வந்தார். “ஆரடா உதை எழுதினது? முதல் அழி!”

சீலைத் துண்டால் அழித்தேன். அழிக்கும்போதும் அண்ணையின் முற்றம்தான் கண்ணில் நின்றது. சாரதியிடம் கேட்டுவிட்டேன்.

“அண்ணை, லொறியிலை இடம் கிடக்கோ?”

“ஓம், பின்னாலை கொஞ்சம் கிடக்கு. ஆரிட்டையும் சாமான் இருக்கோ?”

பட்டென்று சொன்னார். போவதைச் சொல்ல மாட்டார். இடத்தைச் சொல்லுவார். கடைக்குள் கிடந்த வெறும் சாக்கை எடுத்துச் சிவப்பின் ஆணியில் கொழுவினேன்.

“சாக்குத் தொங்கினால் இடம் இருக்கு. நிறைஞ்சால் கழட்டுறது. எழுத்தும் இல்லை, கேள்வியும் இல்லை. சரியோ, முதலாளி?”

“உவ்வளவுதானோ? உதைக் காலமை செய்திருக்கலாமே, விசரா.”

கடைக்காரரிடம் மற்ற இரண்டு கந்தோருக்கும் சொல்லச் சொல்லிவிட்டு லொறியில் ஏறினேன். இணுவில் போகிற வழிதான். அண்ணையின் வெங்காயத்தில் பாதி ஏறியது. பிறகு ஒரு மூட்டைக்கும் இடமில்லை. வானம் இறங்கி வந்தது. அண்ணையின் சைக்கிளை எடுத்து மிதித்தேன். வேர்த்து ஒழுகச் சந்தைச் சந்தி திரும்பினேன்.

பச்சையின் ஆணியில் சாக்குத் தொங்கியது.

வாழ்க்கையில் ஒரு சாக்கைப் பார்த்து நான் கத்தியது அன்றைக்குத்தான். பச்சை லொறியைக் கூட்டிக்கொண்டு இணுவிலுக்குப் போனேன். கடைசி மூட்டை ஏறி, மேலே மழைப் படங்கு இழுத்துக் கட்டும்போது முதல் துளி விழுந்தது. சாரதி ஸ்ரார்ட் பண்ணினார். அண்ணை சந்தோசத்தில் அவரிடம், “தம்பி, எங்கை...” என்று தொடங்கினார். அண்ணையின் வாயைப் பொத்தினேன்.

“போட்டு வாறன், அண்ணை,” என்றார் சாரதி.

“ஓம், போட்டு வாங்கோ,” என்றார் அண்ணை.

கொட்டுகிற மழையில் சந்தைக்குத் திரும்பி, நீலத்தின் ஆணியில் புதிதாகத் தொங்கிய சாக்கை விட்டுவிட்டு, மற்ற இரண்டையும் கழற்றினேன்.