கே.கே. நகருக்குத் தவறிப் போன கொலை

1. காலையில் வந்த போன்

"ஸ்டெல்லா, நான் கொன்னேனே ஒருத்தியை, அவ இப்போ எனக்குப் போன் பண்ணினா."

காலை பத்தரை மணிக்குக் கடைப் போனை எடுத்ததும் காதில் விழுந்தது இதுதான். குரல் ஸ்ரீரங்கம் மாமியுடையது. முந்தின நாள்தான் அவருடைய பழைய இ-ரீடரில் இருந்த புத்தகங்களையெல்லாம் புதியதற்கு மாற்றிக் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொண்டு போகும்போது நன்றாகத்தான் இருந்தார்.

"மாமி, யாரைக் கொன்னீங்க?"

"கதையிலம்மா! கதையில கொன்னேன். ஊருக்கே தெரியாம எழுதி வெச்சிருந்த கதை. அது அவ ரீடருக்குப் போயிடுத்து. நீ அனுப்பினதுதானே?"

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜமால் பாய் கடையில் முப்பத்திரண்டு வருஷம் சர்வீஸ் வேலை பார்த்தவள் நான். ஃபிளாப்பியிலிருந்து சி.டி.க்கு, சி.டி.யிலிருந்து பென் டிரைவுக்கு என்று அடுத்தவர் பைல்களை இடம் மாற்றுவதுதான் என் பிழைப்பு. ஒரு பைலைத் தொலைத்தேன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. தொலைக்காமலேயே ஒரு பைல் குடியைக் கெடுக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

2. பெயர் இல்லாத ஜாப் கார்டு

எங்கள் கடையில் வாடிக்கையாளருக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் உண்டு. 'சமயபுரம் லாட்ஜ் - பிரிண்டர்', 'கே.கே. நகர் வாத்தியார் - லேப்டாப்' என்றுதான் ஜாப் கார்டில் எழுதுவோம். நாங்களும் குழம்பியதில்லை, அவர்களும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த வழக்கப்படி 'ஸ்ரீரங்கம் மாமி - இ-ரீடர்' என்று எழுதி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன்.

பழைய ரீடரின் திரையில் கீழ்ப்பாதி செத்துப் போயிருந்தது. மாமி கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். "மேல பாதி பக்கத்தைப் படிச்சுட்டு மீதியை நானே யூகம் பண்ணிண்டிருக்கேன்" என்றார். புதியது அறுபதாம் பிறந்த நாளுக்கு வந்த பரிசு. கொடுத்தவரே எல்லாம் செட் பண்ணித்தான் கொடுத்திருக்கிறார், பழைய புத்தகங்களை மட்டும் ஏற்றினால் போதும் என்று சொல்லி, கூடவே ஒரு பென் டிரைவையும் நீட்டினார்.

"இதுல ஒரே ஒரு பைல் இருக்கும்மா. அதையும் ஏத்திடு. பெரிய எழுத்துல வெச்சுப் படிக்கணும்."

பைலின் பெயர் 'பத்தாம் வகுப்பு கணக்கு மாதிரி வினாத்தாள்'. ஓய்வு பெற்ற பிறகும் கணக்கை விட மாட்டேன் என்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஒன்றும் பெரியதில்லை. இரண்டு ரீடரையும் ஒன்றன் பின் ஒன்றாகக் கேபிளில் மாட்டி, பி.டி.எஃப். புத்தகங்களை அப்படியே காப்பி பண்ணினேன். அடிக்கோடிட்ட வரிகள் தனி பைலாக ஒரு மூலையில் கிடக்கும். பலர் அதை மறந்துவிடுவார்கள். நான் மறக்கவில்லை. பென் டிரைவில் இருந்தது மட்டும் வேர்டு பைல். அதைக் கேபிளில் ஏற்றினால் ரீடர் திறக்காது. அதற்கென்று இருக்கும் ஆப் வழியாக அனுப்பினால் அதுவே கன்வெர்ட் பண்ணி உள்ளே போட்டுவிடும்.

ஆப்பில் நுழைந்தேன். பாஸ்வேர்டை மாமி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். எந்தக் கருவிக்கு அனுப்ப என்று ஒரு பட்டியல் வந்தது. வைதேகி ரீடர் ஒன்று, வைதேகி ரீடர் இரண்டு, வைதேகி போன். மூன்றிலும் டிக் தானாகவே விழுந்திருந்தது. ஓ, மாமி பேர் வைதேகியா என்று நினைத்தேன். எதைத் திறந்தாலும் வினாத்தாள் இருக்கட்டுமே, சௌகரியம்தானே. ஒரு டிக்கைக்கூட எடுக்காமல் அனுப்பினேன்.

மாமியின் பெயர் கோமளம். வைதேகி அவருடைய நாத்தனார்.

3. ஒன்றாம் நம்பர் பஸ்

"பாய், ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வரேன். தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

ஜமால் பாய் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீயா? தப்பா? போம்மா, போய் முடிச்சுட்டே வா. பாதியில விட்டுட்டு வராதே" என்றார். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. முப்பத்திரண்டு வருஷமாக நான் அவருடைய தப்புகளைச் சொல்லிக் காட்டியவள், பின்னே எப்படி இருக்கும்!

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை எனக்கு என் மேலேயே கோபம். பிறகு கொஞ்சம் மாமி மேலும் வந்தது. கதை எழுதினால் கதை என்று பெயர் வைக்க வேண்டியதுதானே!

கீழச் சித்திரை வீதியில் அவர் வீடு. மாமா மதியத் தூக்கத்துக்கு முன்கூட்டியே போயிருந்தார். மாமி கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வருஷமா எழுதிண்டிருக்கேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது. அவர் பார்த்துடப்படாதுன்னுதான் கணக்குன்னு பேர் வெச்சேன்."

பைலுக்கு வெளியில் வைத்த பெயர் வேறு, உள்ளே டைட்டில் என்று எழுதியது வேறு. கன்வெர்ட் ஆகும்போது உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். வைதேகியின் ரீடரில் 'புளியோதரைக் கொலை - கோமளம்' என்று பளிச்சென்று போய் நின்றிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் 'படிக்கப் போறேன்' என்று காலையில் போன் பண்ணியிருக்கிறார்.

"யாரைக் கொன்னிருக்கீங்க?"

"மைதிலின்னு ஒருத்தி. பாங்க் மானேஜரா இருந்து ரிடையர் ஆனவ. கே.கே. நகர்ல இருக்கா. 'நான் ஒண்ணும் சொல்லலை'ன்னு ஆரம்பிச்சு அரை மணி சொல்லுவா."

"உங்க நாத்தனார்?"

"அவளும் பாங்க் மானேஜர்தான். கே.கே. நகர்தான். அவளும் அப்படித்தான் ஆரம்பிப்பா." மாமி முகத்தை மூடிக்கொண்டார். "பேரை மாத்தினேனே ஸ்டெல்லா!"

எனக்குச் சிரிப்பு முட்டியது. மாமியின் அடுத்த பேச்சில் அது அடங்கிவிட்டது.

"எனக்குக் கூடப்பிறந்தவா இல்லை. போன வருஷம் ஆபரேஷன் ஆச்சே, ஆஸ்பத்திரியில இருபது நாள் கூட இருந்தவ அவதான். இந்த ரீடரையும் அவதான் வாங்கித் தந்தா. ஒரே அக்கவுண்ட்ல போட்டா ரெண்டு பேரும் ஒரே புஸ்தகத்தைப் படிக்கலாம்னு ஆசையாப் பண்ணினா. இனிமே இந்த வாசப்படி ஏறுவாளா?"

அந்த அக்கவுண்டின் லைப்ரரியிலிருந்து கதையை நீக்க முடியும். ஆனால் அவர் கருவியில் ஏற்கெனவே இறங்கியிருந்தால் அந்தப் பிரதியை என்னால் தொட முடியாது. அதை மறைக்காமல் சொன்னேன். "ரிப்பேர்னு சொல்லி அந்த ரீடரை நான் போய் வாங்கிட்டு வந்துடவா?" என்றும் கேட்டேன். மாமி ஒரு நிமிஷம் யோசித்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

4. தயிர்

புதிய ரீடரில் கதையைத் திறந்தேன். முதல் அத்தியாயத்தில் ஒரு வரி அடிக்கோடிட்டிருந்தது.

"இது நீங்க போட்டதா மாமி?"

"இல்லையே."

ஒரே அக்கவுண்ட் என்பதால் வைதேகி அங்கே கோடு போட்டால் இங்கேயும் வந்துவிடும். அதாவது, அவர் கே.கே. நகரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று சிங்க் பண்ணிப் பார்த்தேன். இரண்டாம் அத்தியாயத்தில், மைதிலி புளியோதரைக்குத் தயிர் தொட்டுக்கொள்ளும் இடத்தில், ஒரு குறிப்பு வந்திருந்தது: 'புளியோதரைக்குத் தயிரா? நானா? என்னிக்கு?'

தன்னைத்தான் எழுதியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். மாமி என் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் சிங்க் பண்ணினேன். யாரோ கொடுத்தனுப்பிய டப்பாவிலிருந்த விஷப் புளியோதரையை மூன்றாவது வாய் சாப்பிட்டதும் மைதிலி சாய்ந்து விழும் வரியில் ஒரு கோடு. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

ஒரு மணிக்குப் பார்த்தேன், இரண்டரைக்குப் பார்த்தேன். கோடும் இல்லை, குறிப்பும் இல்லை. மாமி போன் பண்ணினார், எடுக்கவில்லை. அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. மூன்று டிக்கைப் பார்த்து எடுக்காத சோம்பலுக்கு ஒரு குடும்பம் பிரிவதா? மாதாவே, இந்த ஒரு தடவை காப்பாற்று என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாலு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது.

5. செத்தவர் நேரில் வந்தார்

உயரமான அம்மாள். கையில் ரீடர். செருப்பைக் கழற்றி நேராக வைத்துவிட்டு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை மன்னி."

மாமி எழுந்து நின்றார். நானும் நின்றேன்.

"ரெண்டாவது அத்தியாயத்துலயே கொன்னுட்டேளே. ஒரு அம்பது பக்கமாவது உசிரோட வெச்சுக்கப்படாதா?"

"தப்பா எடுத்துக்காதே வைதேகி. ஒரு தீபாவளிக்கு நீ என் அல்வாவை எல்லார் முன்னாடியும் கவர் ஒட்டற கம்முன்னு சொன்னே. அந்தக் கோபத்துல ஆரம்பிச்சேன்."

"கம்மாத்தான் இருந்தது."

ஐயோ, போச்சு என்று நினைத்தேன்.

வைதேகி ரீடரைத் திறந்தார். "துப்பறியறாளே ஒரு கணக்கு டீச்சர், கண்ணாடியைத் தலையில வெச்சுண்டே கண்ணாடியைத் தேடறவ, அது யாரு? நீங்கதானே?"

"ம்."

"பன்னெண்டு அத்தியாயம். எனக்காக அலையறா. கொடை இல்லாம மழையில போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறா. மத்தவால்லாம் மூணு நாள்ல அழுது முடிச்சுட்டா, இவ மட்டும் என் புடவையை மடிச்சு வெச்சுண்டு, 'யாரு பண்ணினான்னு தெரியாம நான் சாப்பிட மாட்டேன்'கறா." அந்த அம்மாளின் குரல் உடைந்தது. "கோடு போடக்கூட மறந்துட்டு ஒரே மூச்சாப் படிச்சேன். நான் நெஜமாப் போயிட்டா எனக்காக வேற யாரு இப்படி அலைவா மன்னி?"

மாமி ஓடிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். சம்பந்தமே இல்லாத நானும் அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுதது என் தங்கை கல்யாணத்தில்தான்.

வைதேகிதான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, யாரு கொன்னா? பதினாலாவது அத்தியாயத்தோட நிக்கறதே. கடைசிப் பக்கத்தை முழுங்கிட்டாளா கடைக்காரா?"

"நான் முழுங்கலைங்க" என்றேன் அவசரமாக.

"எழுதவே இல்லைடி" என்றார் மாமி. "எட்டு மாசமா முழிக்கறேன். மச்சினன், வேலைக்காரி, பக்கத்தாத்து வக்கீல்னு எல்லாரையும் போட்டுப் பார்த்துட்டேன். உன்னைக் கொல்ல ஒருத்தருக்கும் காரணம் கிடைக்கலை."

வைதேகி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, நிஜமாகவே. மன்னிப்புக் கேட்க இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா, தப்பு என் மேலதாங்க. பேரைக் கேக்காம விட்டுட்டேன். ஒருத்தருக்குப் போக வேண்டியது இன்னொருத்தருக்குப் போயிடுச்சு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார் மாமி.

சொன்னேன்.

"அதான் மன்னி!" வைதேகி நாற்காலியைத் தட்டினார். "என்னைக் கொல்ல காரணமே வேண்டாம். அந்தப் புளியோதரை டப்பா வேற யாருக்கோ போக வேண்டியது!"

மாமி பேனாவைத் தேட ஆரம்பித்தார். அது அவர் கொண்டையில் இருந்தது.

6. இளையவர்களுக்கு

ஒரு கருவி கைக்கு வந்ததும் கொண்டுவந்தவரின் பெயரைக் கேளுங்கள். பிறகு அதில் இருக்கும் அக்கவுண்ட் யாருடையது என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள். தானாக விழுந்திருக்கும் டிக்கை நம்பாதீர்கள், அதைப் போட்டது உங்கள் வாடிக்கையாளர் இல்லை. கேபிள், கன்வெர்ட், ஃபார்மட் எல்லாம் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். வாய் திறந்து ஒரு கேள்வி கேட்க எனக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆனது.

கதை மூன்று மாதத்தில் முடிந்தது. மாமி எனக்கும் அனுப்பினார், இந்த முறை தெரிந்தே. ஆவலாகப் படித்தேன். பதினெட்டாம் அத்தியாயத்தில் ஜெசிந்தா என்று ஒருத்தி வருகிறாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுகிறவள், மூக்கின் மேல் கோபம் உள்ளவள். வழியில் கொடுத்துவிடச் சொல்லி யாரோ தந்த விஷ டப்பாவை, யார் வீடு என்று கேட்காமல், மைதிலி கையில் கொடுத்துவிட்டுப் போகிறவள் அவள்தான்.

உடனே போனைப் போட்டேன். பின்னால் வைதேகியின் சிரிப்பு கேட்டது.

"மாமி, கொலைகாரியா எழுதியிருந்தாக்கூடப் பெருமையா இருந்திருக்கும். பேரைக்கூடக் கேக்காத அசடுன்னு எழுதிட்டீங்களே!"

"கதையில எல்லாமே பொய்யா இருந்தா யாரும் நம்ப மாட்டாம்மா" என்றார் மாமி. "அதான் ஒண்ணை மட்டும் நெஜமா வெச்சேன்."