ஹைமாவதியின் சுழல்

ஹைமாவதிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. விசாகப்பட்டினத்தில் எங்கள் கடலியல் துறையில் அவரோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு. பப்புசாறு என்கிற பருப்புக் குழம்பில் நெய்யை ஊற்றிவிட்டு, அது பரவுகிற அழகைப் பார்த்தபடியே சோற்றை ஆறவிடுவார்.

அவருடைய ஆயுள் கேள்வி ஒன்றுதான். கோதாவரி வெள்ளம் அந்தர்வேதியில் கடலுக்குள் புகுந்ததும் என்ன செய்கிறது? ஆற்று நீர் உப்பு நீரைவிட லேசு. கடல்மேல் செம்மண் நிறத்தில் மிதந்து பரவும். அது நேரே தெற்கே திரும்பிக் கரையோரமாக ஓடிவிடுகிறது என்றார்கள் மற்றவர்கள். இல்லை, முகத்துவாரத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் போகிறது என்றார் இவர். கணக்குப் போட்டுக் காட்டினார், தொட்டியில் தண்ணீர் விட்டுக் காட்டினார். கடலில் காட்ட முடியவில்லை. கூட்டங்களில் அவர் எழுந்தாலே, "வந்துட்டாங்கப்பா சுழல் மேடம்" என்று பின்வரிசை சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வெள்ளத்தில்தான் மிதவைகள் கிடைத்தன. தாம் இருக்குமிடத்தை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை செயற்கைக்கோளுக்குச் சொல்லும் மிதவைகள். நூகராஜு என்ற மீனவரின் படகில் போய், ஒவ்வொன்றையும் தன் கையாலேயே தண்ணீரில் விட்டார். அவை தெற்கே நகர்ந்தன. பிறகு நவம்பர்வரை தினமும் ஒன்றிரண்டாக முகத்துவாரத்துக்கே திரும்பி வந்தன. புள்ளிகளுக்கு இடைப்பட்ட வளைவுகளை நாங்களே வரைந்தோம். அழகான சுழல்! துறைக்கே பூதரேகுலு இனிப்பு வாங்கிக் கொடுத்தார். கோடைக்கால மாநாட்டில் பேச இடமும் கிடைத்தது.

மாநாட்டுக்குப் படம் தயார் செய்யும்போதுதான் அவர் முகம் மாறியது.

"இங்க பாருங்க. தீபாவளி அன்னிக்கு ஒண்ணுகூடத் திரும்பல."

"அதனால என்ன மேடம்?"

"கடலுக்கு ஏதுங்க தீபாவளி?"

மறுநாளே அந்தர்வேதிக்குப் போனோம். நூகராஜு வலை பிரித்துக்கொண்டிருந்தார். மிதவைகளைப் பற்றிக் கேட்டதும் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

"ஆமாம்மா, நாங்கதான் கொண்டாந்து விட்டோம். பிள்ளைய எறக்கி விடுற மாதிரி விட்டீங்க. அது பாட்டுக்குத் தெற்கால நரசாபுரம் கரையத் தாண்டிப் போகுது! காணாமப் போனா அம்மா தவிச்சுப் போயிடுவாங்கன்னு எல்லாப் படகுக்காரங்ககிட்டயும் சொல்லி வச்சேன். எங்க கண்டாலும் தூக்கியாந்து நீங்க விட்ட எடத்துலயே விட்டுடுவோம். தீபாவளிக்கு மட்டும் யாரும் கடலுக்குப் போகல. கோச்சுக்காதீங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஹைமாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க, நூகராஜு" என்றார். நண்டுக் குழம்பு சாப்பிடாமல் நூகராஜு வீட்டார் விடவில்லை.

திரும்பும் வழியில் கெஞ்சினேன். "பேச்சை ரத்து பண்ணிடலாம் மேடம். யாருக்கும் தெரியப் போறதில்ல."

"இந்தப் படம் ஏற்கெனவே நாலு பேர் கைக்குப் போயிருச்சு. இதை நம்பி நாளைக்கு ஒருத்தன் துறைமுகம் கட்டுவான். தப்பு என்னோடது, நானே சொல்லிடறேன்."

மாநாட்டில் அதே படத்தைத்தான் போட்டார். "நான் முப்பது வருஷமாச் சொன்ன சுழல் இதுதான். இதைச் சுத்த வச்சது தண்ணி இல்லை, அந்தர்வேதிப் படகுக்காரங்க. சுழல் இருக்கான்னா, இருக்குன்னுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனா என்கிட்ட சாட்சி இல்லை." அரங்கமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தப் பின்வரிசைக்காரர்களை எனக்கு அறையலாம் போல இருந்தது.

வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் விட்டுப் பார்க்கலாமா? இந்தத் தரம் நூகராஜுகிட்ட முன்னாடியே சொல்லிட்டு?"

ஜூனில் அவருக்கு ஓய்வு. வெள்ளம் ஆகஸ்டில்தான் வரும். அது அவருக்கும் தெரியும்.

"விடலாம் மேடம்" என்றேன்.