மேல் வரி, கீழ் வரி

பார்சல் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. ஆபீஸில் அவளுக்கு வைத்த பெயர் சைலன்ட். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று கேலி செய்வார்கள்.

கைப்பேசியில் அவள் வேறு ஆள். 'மனசுக்குள்ள மைக்' என்ற மீம் பக்கம் அவளுடையது. தங்கைக்கு மட்டும்தான் தெரியும். எப்போதும் அவள் மேசையில் கிடக்கும் நசுங்கிய அட்டைப்பெட்டிதான் படம். மேல் வரியில் ஆபீஸ் இங்கிலீஷ், கீழ் வரியில் மனசின் தமிழ். மேலே, "நோட்டட் சார், வில் டூ." கீழே, "நடக்கும்னு நம்புறீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்." வெறும் இங்கிலீஷாக இருந்தால் அது ஆபீஸ் கடிதம், வெறும் தமிழாக இருந்தால் புலம்பல். இரண்டும் ஒன்றன் தலைமேல் ஒன்று உட்கார்ந்தபோதுதான், "அட, இது நான்தான்" என்று ஆயிரக்கணக்கானோர் ஓடி வந்தார்கள். அதில் வரும் அப்பாவி சார் தான்தான் என்று உறைக்காமல், அவற்றை ஆபீஸ் குழுவில் முதலில் பகிர்ந்து விழுந்து விழுந்து சிரிப்பவர் மேனேஜர்.

காரியத்தைக் கெடுத்தது பழக்கதோஷம். புகாருக்குப் பதில் அடிக்கும்போதும் கை தானாகக் கீழ் வரியை அடித்துவிடும், அழித்துவிட்டு அனுப்புவாள். அன்று அழிக்க மறந்தாள். குக்கர் மூடிக்காகக் காத்திருந்த ஓர் அம்மாவுக்கு, "யுவர் பார்சல் இஸ் ஆன் த வே" என்பதோடு, "எந்த வழின்னு எங்களுக்கே தெரியலக்கா" என்பதும் போய்ச் சேர்ந்தது.

மதியம் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். போன் ஸ்பீக்கரில் அந்த அம்மா. வேலையும் போச்சு, பக்கமும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணைத் திட்டிடாதீங்க சார். இத்தனை நாள்ல உண்மையைச் சொன்ன பதில் இது ஒண்ணுதான். வீடே சிரிச்சோம்."

மேனேஜர் சிரிக்கவில்லை. திரையில் பதிலைப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே அவள் மேசையில் கிடந்த நசுங்கிய பெட்டியைப் பார்த்தார்.

"ஏம்மா, அந்த மைக் நீதானா? அதுல வர்ற சார்... நானா?"

மழுப்பிவிடலாம்தான். ஆனால் அந்தப் பேச்செல்லாம் தன்னுடையது என்று ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்ல அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"மேல் வரி, நோ சார்," என்றாள். "கீழ் வரி, ஆமா சார். வேற யாரு."

ஸ்பீக்கர் சிரித்தது. மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதைப் போய் எங்க சம்பந்தி வரைக்கும் அனுப்பி வச்சிருக்கேனே." பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாச் சிரிங்க. என் மூடி என்னாச்சு?" என்றது ஸ்பீக்கர்.

"வீ ஆர் டிரேசிங் இட், மேடம்," என்றார் மேனேஜர். போனை அவள் பக்கம் தள்ளினார்.

"கீழ் வரியை நீயே சொல்லிடும்மா."